நெகிழ்வட்டும் வன்னியின் எழுத்தும்: பிரதிபண்ணலின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

ஓர் எழுத்து நிலைபெறுவது அதன் சிறப்பினால் மட்டுமன்று. அதனைப் பிரதிபண்ணும் உழைப்பும் வசதியும் எவருக்கு இருந்தன என்பதனாலுமாகும். வன்னிக் குடியேற்றத்தைக் கூறும் வையாபாடல் ஏட்டுப் பிரதிகள் வழியாகவே எம்மை வந்தடைந்தது. தலைவர்களின் வம்சக்கதை ஏடேறிய காலத்தில் அருவி வெட்டியோரின் பாட்டு வாய்மொழியாகவே நின்றது. இவ்வேறுபாடு பனையோலையுடன் முடிந்துவிடவில்லை.

1.44 மெகாபைற் கொள்ளும் மூன்றரை அங்குல நெகிழ்வட்டு, நாம் ‘புளொப்பி’ என வழங்கியது, 1987 முதல் உலகெங்கும் பரவியது. வன்னியின் நிலை வேறு. 1990களின் பொருளாதாரத் தடை பற்றரியையும் எரிபொருளையும் மறித்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் பொது மின்விநியோகம் இல்லை. மின்பிறப்பாக்கியை நம்பிக் கணினி இயக்கவேண்டிய இடத்தில் இரண்டாம் பிரதி எடுப்பதற்கும் மண்ணெண்ணெய்க் கணக்குப் பார்க்கவேண்டும். ஒற்றைப் பிரதியோ இடப்பெயர்வில் எளிதில் தொலைவது.

எஞ்சிய வட்டொன்று கிடைப்பின், அதன் மூலைத்துளையைத் திறந்து எழுதாவண்ணம் தடுத்தபின், வட்டின் முழுப்படிமத்தையும் முதலில் எடுத்தல் வேண்டும். பூஞ்சணம் படிந்ததை அவசரப்பட்டுச் செலுத்தினால் வாசிக்கும் தலையே காந்தப்பூச்சைச் சுரண்டிவிடும். மக்கின்ரொஷ் கணினியின் 400, 800 கிலோபைற் வட்டுகளைச் சாதாரண செலுத்திகள் வாசிக்கமாட்டா.

கோப்பு திறந்தபின்னரே மெய்யான இடர் தொடங்குகிறது. ஈழத்திற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை இருத்தியது. ஆகவே, எழுத்துரு இல்லாத கணினியில் ‘வன்னி’ என்பது ரீ, டீ, அரைப்புள்ளி, டீ, பீ எனத் தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றுகையில் வரிசையும் இடறும்: ‘கிளிநொச்சி’யின் நொகரத்திற் கொம்பு பாமினியில் நகரத்திற்கு முன்னே நிற்கும், ஒருங்குறியிலோ மெய்யின் பின்னரே உயிர்க்குறி வரும். இவ்விதியை அறியாத மாற்றி, ஊர்ப்பெயரையே சிதைத்துவிடும். ஆள்கொண்டு மெய்ப்புப் பார்ப்பதற்கு மாற்றில்லை. ஏடெழுதுவோனின் உழைப்பு இங்கு மீண்டும் தலைகாட்டுகிறது.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சுநூல்களை மின்வடிவிற் பேணிவருவது பெரும்பணியே. ஆயினும் அச்சேறியவை ஒருமுறை தெரிவுசெய்யப்பட்டவை. அச்சேறாது வட்டில் மட்டும் இருந்தவற்றிற்கு அத்தகைய இரண்டாம் வாழ்வு இல்லை. 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அழித்தது. 2009 மே வரை நீண்ட போரில் வன்னி மக்கள் வீடும் உடைமையும் விட்டு ஊரூராய் அலைந்தனர். எஞ்சியவற்றை மீட்கையில் கவிஞரின் கோப்பை முதலிலும் கடற்றொழிலாளர் சங்கத்தின் கணக்கைப் பின்னரும் வைக்கும் வரிசையை நாம் ஏற்பதற்கில்லை. வலையும் வள்ளமும் எவருக்கு இருந்தன என்பதை அக்கணக்கே கூறும்.