செவ்வாய்க் கால்வாய்கள்: வில்லையும் விழியும் சொல்லும்

தொலைநோக்கியைக் கண்ணுக்குத் துணைசெய்யும் கருவி என்பர். துணையாய் வந்த கருவி சிலபோது காட்சிக்கே உருக்கொடுத்து விடுவதும், அவ்வுருவுக்கு ஒரு சொல் வாய்த்துவிட்டால் அச்சொல் பின்வந்தோர் கண்களை ஆள்வதும் உண்டு. செவ்வாய்க் கோளில் கால்வாய்கள் உள்ளன என்று ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கற்றோர் பலரும் நம்பிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். வானநூல் எம் துறையன்று. எனினும் இவ்வரலாற்றின் ஒரு பாதி சொல்லாராய்ச்சியைச் சார்ந்தது. மறுபாதியோ ஏடு படித்துப் பாடம் துணிவார்க்கு அயலானதன்று. ஆதலின் இவ்விதழில் இதனை எழுதத் துணிந்தோம்.

1877ஆம் ஆண்டில் செவ்வாய் நிலவுலகுக்கு மிக அணித்தாக வந்தது. அணித்து என்றாலும் வானில் அதன் வட்டம் முழுமதி வட்டத்தின் எழுபதில் ஒரு பங்கு அளவினதே. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் வாஷிங்டனில் ஆசப் ஹால் என்பார் 26 அங்குல வில்லை கொண்டு செவ்வாயின் துணைக்கோள்கள் இரண்டனையும் கண்டுபிடித்தார். மிலான் நகரத்துப் பிரேரா வானாய்வுக் கூடத்தில் இருந்த ஜியோவான்னி ஸ்கியாப்பரெல்லி அதனினும் சிறிய, ஏறத்தாழ 22 செ.மீ. விட்டமுள்ள வில்லையைக் கொண்டு அக்கோளின் நிலப்படத்தை வரையத் தொடங்கினார். கரும்பகுதிகளை இணைத்து நெடுகச் செல்லும் மங்கிய பட்டைகள் சில அவர்க்குத் தோன்றின. அவற்றை அவர் தம் தாய்மொழியில் ‘கனாலி’ என்று குறித்தார்.

இச்சொல் அவர் படைத்ததன்று. 1858இலேயே செக்கி என்னும் இத்தாலிய வானநூலார் செவ்வாயின் ஒரு பகுதிக்கு இதனை வழங்கியிருந்தார். இத்தாலிய மொழியில் இயற்கையாக அமைந்த நீர்த்தடமும், இரு நிலங்களுக்கு இடைப்பட்ட கடற்பகுதியும், மாந்தர் அகழ்ந்த கால்வாயும் ஆகிய மூன்றனையும் இவ்வொரு சொல்லே சுட்டும். ஆங்கிலத்திலோ இயற்கைத் தடத்திற்கு ஒரு சொல்லும் வெட்டியதற்கு மற்றொரு சொல்லும் தனித்தனியே உள. மொழிபெயர்ப்பில் நிலைபெற்றது பின்னது. ஓடை, கால்வாய் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய நெருக்கடி தமிழில் எழுதுவார்க்கும் நேர்ந்திருக்கும். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பெற்று எட்டாண்டுகளே சென்றிருந்தன. பெருங்கால்வாய் வெட்டுதலே நாகரிகத்தின் தலையாய செயல் என்று உலகம் வியந்திருந்த காலம் அது. வெட்டிய கால்வாய் எனின் வெட்டியவர் யார் என்னும் வினா தானே எழுமன்றோ?

இவ்வளவும் மொழிபெயர்ப்பின் பிழையால் விளைந்ததென்று கூறிக் கடந்து செல்வார் பலர். அக்கூற்று முழுதும் பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை. ஸ்கியாப்பரெல்லி அடுத்தடுத்து வரைந்த படங்களில் அத்தடங்கள் மேன்மேலும் நேராயின. 1881-82இல் பல தடங்கள் இரட்டைக் கோடுகளாகவும் காட்டப்பட்டன. அறிவுடைய உயிர்களின் செயலாக இருத்தல் கூடும் என்ற கருத்தை அவர் ஏற்று உரைக்கவில்லை எனினும் ஒதுக்கவுமில்லை. கங்கை, சிந்து முதலிய ஆறுகளின் பெயர்களை அவர் அத்தடங்களுக்கு இட்டமை நம் நாட்டார்க்கு ஒரு வியப்பு. கோடு முதலில் தோன்றியது மொழிபெயர்ப்பாளர் ஏட்டிலன்று, ஸ்கியாப்பரெல்லியின் வரைதாளில்தான்.

அதே 1877இல் மதீராத் தீவிலிருந்து 13 அங்குல ஆடித் தொலைநோக்கியால் அதே செவ்வாயை வரைந்தவர் நத்தானியல் கிரீன் என்னும் ஓவியர். அவர் படங்களில் கோடுகள் இல்லை. ஒன்றினுள் ஒன்று கரையும் மென்னிழல்களே உள. ஸ்கியாப்பரெல்லியோ தூரின் நகரில் பொறியியல் பயின்றவர். நிறங்களைப் பிரித்துணர்வதில் கண்குறை உடையவர் என்றும் கூறுவர். நிழற்பகுதியின் விளிம்பையே அவர் கோடாக்கிவிட்டார் என்பது கிரீனின் கருத்து. கருவியின் வேறுபாடு மட்டுமன்று, கைப்பழக்கத்தின் வேறுபாடும் இவ்விரு படங்களில் விளங்குகின்றது.

பாஸ்டன் நகரத்துச் செல்வர் பெர்சிவல் லோவெல் 1894இல் அரிசோனாவில் பிளாக்ஸ்டாஃப் என்னுமிடத்தில், 2,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வானாய்வுக் கூடம் ஒன்றை நிறுவினார். நூற்றுக்கணக்கான கால்வாய்களை அவர் கண்டார். வறண்டுவரும் கோளில் துருவப் பனிநீரைக் கொணர்ந்து வாழும் ஒரு பெருமக்கட் கூட்டத்தையும் அவற்றால் உய்த்துணர்ந்தார். 1895, 1906, 1908 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய மூன்று நூல்களும் இக்கொள்கையைப் பரப்பின. இக்கொள்கையை மறுத்து 1907இல் தனிநூல் எழுதினார் ஆல்பிரடு ரசல் வாலஸ்.

லோவெலின் முறை ஒன்றை ஈண்டு விரித்துரைத்தல் வேண்டும். அவரிடம் 24 அங்குல வில்லை இருந்தது. ஆயினும் காற்றின் அலைவு காட்சியைக் கலைப்பதைத் தணிக்க, வில்லையின் ஓரத்தை மறைத்து அதன் வாயைக் குறுக்கி நோக்குவது அவர் வழக்கம். குறுகிய வாயில் உருவம் அமைதியுற்றுத் தோன்றும் என்பது உண்மையே. ஆனால், வாய் குறுகக் குறுக நுண்ணிய புள்ளிகளைப் பிரித்துக்காட்டும் ஆற்றலும் குறையும். சிதறிய புள்ளிகள் ஒன்றிக் கோடாகும். பெரிய வில்லை உடையோர் சிலர் கால்வாய்களைக் காணவில்லை என்றபோது, அவர்தம் ஊர்க் காற்று தூயதன்று என விடையிறுத்தார். காணாமையும் இவ்வாறு கொள்கைக்குச் சான்றாயிற்று. இத்தகைய கொள்கையை வெளியிலிருந்து அசைத்தல் அரிது.

வெள்ளிக் கோளை அவர் நோக்கியதன் விளைவு இன்னும் விந்தையானது. 1896இல் அதன்மேல் சக்கரத்தின் ஆரங்கள் போன்ற கோடுகளைக் கண்டு வரைந்தார். வெள்ளியோ முகிலால் முற்றும் மூடிய கோள். வில்லையின் வாயை மிகக் குறுக்கியமையால், தொலைநோக்கி கண்மருத்துவரின் கருவிபோல் ஆகி, லோவெல் தம் விழித்திரைக் குருதிக்குழாய்களின் நிழலையே கண்டிருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வாளர் கருதுகின்றனர். இது துணிபன்று, ஆனால் அப்படங்களைப் பார்த்தார்க்கு எளிதில் மறுக்கவும் இயலாது.

1903இல் கிரீனிச்சில் மாண்டர் என்னும் வானநூலார் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தினார். ஒழுங்கற்ற புள்ளிகளும் நிழல்களும் உள்ள வட்டங்களைத் தொலைவில் வைத்து, கண்டவாறே வரையச் சொன்னார். அண்மையில் இருந்தோர் புள்ளிகளை வரைந்தனர். மிகத் தொலைவில் இருந்தோர் ஒன்றும் வரையவில்லை. இடைப்பட்ட தொலைவினருள் பலர் இல்லாத கோடுகளை வரைந்தனர். சிறுவர் கோட்பாடு என்று லோவெல் இதனை எள்ளினார். பிரான்சில் பிளம்மாரியன் இச்சோதனையைச் செய்தபோது அங்குள்ள சிறுவர்கள் கோடுகளை வரையவில்லை என்பதையும் சேர்த்துக் கூறுவதே நடுவுநிலைமை.

ஏட்டுச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்கள் வேறுபட எழுதப்படா. படிப்போர் தாமே புள்ளியிட்டுப் படிப்பர். ஒருவர் இட்ட புள்ளி அச்சேறியபின், அடுத்தவர்க்கு அது ஏட்டிலேயே இருப்பதுபோல் தோன்றும். இடைத்தொலைவிலிருந்து கோடு வரைந்த கிரீனிச்சுச் சிறுவருள் யாமும் பலகால் இருந்துள்ளோம்.

கொள்கையைச் சாய்த்தவர் முன்னர்த் தாமும் கால்வாய்களை வரைந்த ஒருவரே. கிரேக்கக் குடியினரான அந்தோனியாதி, 1909 செப்டம்பர் 20ஆம் நாள் பாரிசுக்கு அணித்தான மியூதோனில் 83 செ.மீ. வில்லை வழியே செவ்வாயை நோக்கினார். காற்று அன்று அசைவற்றிருந்தது. கோடுகள் இருந்த இடங்களில் ஒழுங்கற்ற சிறு திட்டுகளே தெரிந்தன. தாம் முன்னர் வரைந்தவற்றை விடுத்துக் கண்டதை எழுதிய அவருடைய செயலை யாம் பெரிதாக மதிக்கின்றோம்.

1965 ஜூலையில் மாரினர் 4 அனுப்பிய 22 படங்களில் கால்வாய்கள் இல்லை. வட்டப் பள்ளங்களே இருந்தன. 1971-72இல் மாரினர் 9 கோள் முழுவதையும் படமெடுத்தபோது, பழைய கோடுகளுள் மிகச் சிலவே தரையிலுள்ள உறுப்புகளோடு பொருந்தின. ஸ்கியாப்பரெல்லி அகதோதீமன் எனப் பெயரிட்ட தடம் அச்சிலவற்றுள் ஒன்று. அங்கு 4,000 கிலோமீட்டர் நீளமுள்ள மாபெரும் பள்ளத்தாக்கு கிடக்கின்றது. அன்றியும், நீர் ஓடி வறண்ட பழைய தடங்கள் பலவற்றை அப்படங்கள் காட்டின. நிலவுலகிலிருந்து நோக்கிய எவ்வில்லைக்கும் எட்டாத நுண்மையுடைய அத்தடங்களுக்குக் கனாலி என்னும் சொல் அதன் முதற்பொருளில் நன்கு பொருந்தும்.