ஒரு புரதமும் இரு நோய்களும்

1869-ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடிந்து, கைகால் தளர்ந்து, முடிவில் மூச்சும் ஓயும் கொடிய நோயொன்றை விளக்கினார். 1892-இல் பிராக் நகரத்து அர்னால்டு பிக், மூளையின் பக்கப்பகுதி சுருங்கிப் பேச்சும் அறிவும் குலைந்த ஒருவரைப் பற்றி எழுதினார். உடலைத் தாக்குவது ஒன்று, அறிவைத் தாக்குவது மற்றொன்று என இவ்விருவகை நோய்களும் நெடுங்காலம் வெவ்வேறாகவே கருதப்பட்டன.

1995-இல் எய்ட்ஸ் கிருமியை ஆராய்ந்த அறிஞர்கள் டி.டி.பி.-43 என்னும் புரதத்தைக் கண்டறிந்தனர். உயிரணுவின் உட்கருவில் இருந்துகொண்டு, ஆர்.என்.ஏ. இழைகளைப் பற்றி, அவற்றில் வேண்டாத துண்டுகள் சேராமற் காப்பது அதன் பணிகளுள் ஒன்று.

2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வர்ஜீனியா லீ, ஜான் டிரோஜனோவ்ஸ்கி முதலியோர், இறந்த நோயாளரின் மூளைகளை ஆராய்ந்தனர். ஷார்க்கோ கண்ட நோயிலும், அறிவுத் தேய்வுற்றோர் பலரிடத்தும், இதே புரதம் உட்கருவை நீங்கி வெளியே திரண்டு கிடந்தது! உள்ளே காவல் குன்றுகிறது. வெளியே கட்டி பெருகுகிறது. 2008-இல், இப்புரதத்திற்குரிய மரபணுவின் பிழை சில குடும்பங்களில் நோயை விளைவிப்பதும் தெளிவாயிற்று.

முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் வாய்க்கவில்லை. எனினும் இவ்வரலாறு இல்லத்தார்க்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கைகால் தளர்ந்தவரின் குணமும் மாறுமாயின், அதனைப் பிடிவாதமென்று கடிதல் தகாது. அதுவும் அந்நோயின் மறுமுகமாய் இருக்கக்கூடும்.