தீவுகளில் மகப்பேற்று ஆய்வு: யாரைக் கணக்கில் எடுப்பது?

அந்தமானின் புரோத்ராபூரில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு ஸ்ரீ விஜயபுரத்தின் (2024 வரை போர்ட் பிளேர்) ஜி.பி. பந்த் மருத்துவமனை சாலைவழியே விரைவில் சேரக்கூடிய தொலைவில் இருக்கிறது. நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் இருப்பவருக்கோ அதே மருத்துவமனை 500 கிலோமீட்டருக்கும் அப்பால். நடுவே கடல், கப்பலும் ஹெலிகாப்டரும் வானிலையின் கையில். பிரசவ வார்டின் பதிவேட்டில் இருவரும் அடுத்தடுத்த வரிகளாகி விடுகிறார்கள். 2015இல் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் கழகத்துக்கு ஜி.பி. பந்த்தே போதனை மருத்துவமனை. இங்கு நடக்கும் மகப்பேற்று ஆய்வு அந்தப் பதிவேட்டோடு நின்றுவிட்டால் தீவுகளின் உண்மை நிலை அதில் தெரியாது என்பதே என் வாதம்.

பதிவேடு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே அறியும். வழியில் இறந்தவரும், அனுப்பத் தாமதமாகித் தன் தீவிலேயே பிழைத்துக்கொண்டவரும் அதில் இல்லை. தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கமும் உண்டு. தாய்வீடு ராமநாதபுரத்தில் இருந்தால், கர்ப்பகாலம் முழுவதும் தீவில் பரிசோதனை செய்துகொண்டவரின் பிரசவம் தமிழ்நாட்டுக் கணக்கில் சேரும்.

இதைவிடக் கடினமானது சிறிய எண்களின் சிக்கல். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. ஆண்டுக்கு 4,000 பிரசவங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாய் இறந்தால் லட்சத்துக்கு 25. மூவர் இறந்தால் 75. மருத்துவம் மேம்பட்டதோ சீர்கெட்டதோ இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து தெரியாது. ஆண்டுதோறும் வெளியாகும் விகிதத்தைப் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் இங்கே பொருளற்றவை. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் அளவில் யோசித்துப் பழகியவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்ட தாய்மார்களையே ஆராய வேண்டும். அவர்கள் எண்ணிக்கையில் அதிகம். நடந்ததை அவர்களே சொல்லவும் முடியும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கான வரையறைகளை வகுத்தது. இந்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைகளைத் தீவுகளில் அப்படியே பயன்படுத்துவது பிழையாகும். ஐந்து யூனிட் ரத்தம் ஏற்றியது, செயற்கை சுவாசம் தந்தது, ரத்தப் பரிசோதனையில் உறுப்புச் செயலிழப்பு தெரிந்தது போன்றவை அதன் அடையாளங்களில் பல. ரத்த வங்கி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும் உதிரப்போக்கு கண்டு பிழைத்தவருக்கு இவற்றில் எதுவும் பொருந்தாமல் போகலாம். வசதி குறைவான இடத்தில் ஆபத்தும் குறைவாகத் தோன்றும். இதைவிட ஆபத்தான பிழை வேறில்லை. வலிப்பு வந்ததா, மயக்கம் வந்ததா, கருப்பையை அகற்ற நேர்ந்ததா, அவசரமாக வேறு தீவுக்கு அனுப்பப்பட்டாரா என்று செவிலியர் கண்ணால் கண்டு எழுதக்கூடிய குறிகளுக்கே முதலிடம் தர வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் கர்நாடகத்தின் பெலகாவியைப் (2014 வரை பெல்காம்) பார்க்கலாம். 2006இல் வெளியான ஆய்வில், பெரிய மருத்துவமனைக்கு வெளியே, கிராமங்களில் 1,620 தாய்மார்களுக்குத் துணைச் செவிலியர்களே பிரசவம் பார்த்து, உதிரப்போக்கைத் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். இழந்த ரத்தத்தை அளவிடும் விரிப்பையும் அவர்களே பயன்படுத்தினார்கள். மிகை உதிரப்போக்கு வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12 சதவீதமாகவும் மிசோப்ரோஸ்டால் பெற்றவர்களில் 6.4 சதவீதமாகவும் இருந்தது.

தீவுகளில் செவிலியரின் குறிப்பேட்டில் நான்கு நேரங்கள் போதும்: வலி தொடங்கியது, அனுப்ப முடிவெடுத்தது, வாகனமோ கப்பலோ ஹெலிகாப்டரோ புறப்பட்டது, வார்டில் சேர்த்தது. புரோத்ராபூர் பெண்கள் இங்கே ஒப்பீட்டுக் குழுவாகலாம். வீட்டுக்கும் வார்டுக்கும் இடையே கடல் இல்லாதவர்களுக்கும் கடலைக் கடந்தவர்களுக்கும் உள்ள வேறுபாட்டில், மருத்துவத்தின் குறை எவ்வளவு, பயணத்தின் குறை எவ்வளவு என்று பிரித்தறியலாம்.

ஒரு கட்டுப்பாடு அவசியம். ஓங்கே, ஜாரவா போன்ற சிறு பழங்குடிச் சமூகங்களில் தாயின் வயது, தீவு, நோய் மூன்றையும் சேர்த்து அச்சிட்டாலே அவர் யாரென்று தெரிந்துவிடும். பல ஆண்டுத் தரவுகளைச் சேர்த்தே வெளியிட வேண்டும்; அப்போதும் அடையாளம் மறையாவிட்டால் வெளியிடக் கூடாது.