கோரியோவின் மதுக்கெண்டிகள்

கொரியாவைக் கோரியோ மன்னர்கள் ஆண்ட காலத்தில் (918–1392) மது பரிமாறவென்றே செலடான் எனும் பச்சை மெருகுக் கலங்கள் வனையப்பட்டன. கெண்டி, அது அமரும் ஆழமான வட்டில், குவளை, குவளைத் தாங்கி ஆகியவை சேர்ந்ததே முழுத் தொகுதி. வட்டிலில் வெந்நீர் ஊற்றினால் கெண்டிக்குள் மது சூடு தணியாமல் இருக்கும்.

இத்தொழிலின் மையங்கள் தென்மேற்குக் கரையோரத்துக் கங்ஜின், புவான் சூளைகள். சீனத்து யுவே சூளைகளிடமிருந்து கற்ற வித்தை இது. மெருகில் இரும்புச்சத்து சிறிதளவே இருக்கும். சுடும்போது சூளைக்குள் காற்றைக் குறைத்தால்தான் அதிலிருந்து பச்சை கூடிவரும். காற்று மிகுந்துவிட்டால் கலம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ வெளிவரும். பத்தில் ஒன்றே தேறியது என்று கவிஞர் யி க்யூபோ (1168–1241) பாடியிருக்கிறார். விறகுக்காக மலைகள் மொட்டையானதையும் அவர் விடவில்லை.

1123இல் தூது வந்த சீன அதிகாரி ஷூ ஜிங், தாமரைமேல் வாத்து அமர்ந்த மூடியுள்ள மதுக்கலம் ஒன்றைக் குறித்துவைத்தார். சுரைக்காய், முலாம்பழம், மூங்கில் குருத்து என்று குயவர்கள் எடுத்த வடிவங்கள் பெரும்பாலும் தோட்டத்தவை. ஆனால் மெல்லிய கைப்பிடியும், மூடியைக் கயிற்றால் பிணைக்கும் சிறு வளையமும் வெள்ளிக் கெண்டியிலிருந்து வந்தவை. 12ஆம் நூற்றாண்டில் சங்காம் முறை செழித்தது: ஈரம் காயாத உடலில் கோடு கீறி, வெள்ளை, செம்மண் குழம்புகளை நிரப்பிச் சுட்டால் கொக்கும் மேகமும் வெள்ளை கறுப்பாக மெருகுக்கடியில் தெரியும்.

இவற்றில் தலைசிறந்தது கங்வா தீவில் சோ ஹாங் (இறப்பு 1257) கல்லறையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் சுரைக்காய்க் கெண்டி. மங்கோலியப் படையெடுப்புக்கு அஞ்சி 1232இல் அரசவை அத்தீவுக்குப் பெயர்ந்திருந்தது. சோ ஹாங் அங்கிருந்து நாட்டை நடத்திய படைத்தலைவர். கழுத்தில் தாமரை மொட்டேந்திய சிறுவன், கைப்பிடியில் தவளை, தாமரை இதழோரங்களில் செம்பால் வந்த சிவப்பு. செம்பு நிறம் சூளையில் எளிதில் மறைந்துவிடும் என்பதால், போர்க்காலத்திலும் இக்கைத்திறன் தளரவில்லை என்பதற்கு இதுவே சான்று.

தலைநகரான கேசோங்குக்குச் செலடான் கலங்கள் கப்பலில் சென்றன. 2007இல் தேயான் கடலில் மீனவர் பிடித்த ஆக்டோபஸ் ஒன்று செலடான் தட்டைப் பற்றியிருந்தது. அந்த இடத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட கலங்கள் எடுக்கப்பட்டன.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானியக் கடற்கொள்ளையர் கரையோரத்தைச் சூறையாட, குயவர்கள் உள்நாட்டுக்குச் சிதறினர். அடுத்து வந்த சோசன் அரசவை வெண்பீங்கானை விரும்பியது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கேசோங்கைச் சுற்றிய கல்லறைகள் கொள்ளையிடப்பட்டு, பல கெண்டிகள் ஜப்பானிய வணிகர்வழி வெளிநாடு சென்றன.