லித்தியம்–கந்தக மின்கலம்: மின்பகுளி வடிவமைப்பு

உலோக லித்தியத்தை எதிர்மின்வாயாகவும் கந்தகத்தை நேர்மின்வாயாகவும் கொண்ட மறுமின்னேற்ற மின்கலம். கந்தகத்தின் கோட்பாட்டுக் கொள்திறன் கிராமுக்கு 1,675 மில்லி ஆம்பியர் மணி. சராசரி மின்னழுத்தம் சுமார் 2.1 வோல்ட். கந்தகம் மலிவு என்றாலும், கலத்தின் ஆயுள் பெரிதும் மின்பகுளியைப் பொறுத்தது.

சிக்கல்: மின்னிறக்கத்தில் உருவாகும் லித்தியம் பாலிசல்பைடுகள் ஈதர் கரைப்பானில் கரைகின்றன. கண்ணாடிச் சோதனைக் கலத்தில் நிறமற்ற திரவம் செம்பழுப்பாவதைக் கண்ணாலேயே காணலாம். கரைந்தவை இரு மின்வாய்களுக்கும் இடையே அலைந்து, மின்னேற்றத்தை வீணாக்கி லித்தியத்தை அரிக்கின்றன.

தீர்வுகள்: வழக்கமான மின்பகுளி, டையாக்சோலேன்–டைமெத்தாக்சிஈத்தேன் கலவையில் கரைத்த லித்தியம் உப்பு. சிறிதளவு லித்தியம் நைட்ரேட் சேர்த்தால் லித்தியத்தின்மேல் காப்புப் படலம் படியும். ஆனால் நைட்ரேட் நாளடைவில் தீர்ந்துவிடும். உப்புச் செறிவைக் கூட்டினால் பாலிசல்பைடுகள் குறைவாகக் கரையும். பாகுத்தன்மையும் விலையும் ஏறும். மின்பகுளி மிகுந்தால் கலத்தின் எடை கூடி, கந்தகத்தால் கிடைத்த ஆதாயம் கரையும்.

ஆய்வு: தென்தமிழ்நாட்டு அமரபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் முன்னணி ஆய்வாளர். 2019-இல் நோபல் பரிசு பெற்ற ஜான் குடினஃப் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவர்.

பயன்பாடு: மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலை 2025-இல் மின்சாரக் கார் தயாரிப்பைத் தொடங்கியது. அதன் இ.மாஸ் 7 காரில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலமே. கந்தகக் கலம் இன்னும் பெருவாரிக் கார்ச் சந்தைக்கு வரவில்லை.