இதமும் அகிதமும்: சித்தியார் காட்டும் நெறி

குடமுழுக்கு மலருக்கு நன்மை தீமை பற்றி எழுதுமாறு திருப்பணிக் குழுவினர் பணித்ததைத் திருவருளின் ஆணையாகவே ஏற்றேன். மெய்கண்டார் வரலாறும் சந்தானாசாரியர் பெருமையும் அன்பர்கள் அறிந்தவை. ஆதலால் நேரே பொருளுக்குள் புகுகிறேன்.

இதமும் அகிதமும்

அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், இரண்டாம் சூத்திரத்தில் இருவினைக்கு இலக்கணம் வகுக்கிறது. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் உயிர்களுக்கு உறுதி பயப்பன செய்தல் இதம். அதைச் செய்யாமை அகிதம். கொலை, களவு என்ற பட்டியலோடு ஆசிரியர் நின்றுவிடவில்லை. செய்யத்தக்க நன்மையைச் செய்யாது விடுவதும் தீவினையே என்கிறார். அறநூல்களுள் இத்தனை நுட்பமான வரையறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வினை தானே பயன் தரும் என்பர் மீமாஞ்சகர். வினையோ சடம்; செய்தவனை அறிந்து சென்று பொருந்தும் அறிவு அதற்கு இல்லை. எனவே இதத்தையும் அகிதத்தையும் இறைவனே ஏற்று, இன்ப துன்பங்களாக உயிருக்கு ஊட்டுகிறான் என்பது சித்தாந்தத் துணிபு. அப்படியானால் அயலாருக்குச் செய்த உதவியும் செய்ய மறுத்த உதவியும் சிவபெருமான் திருமுன்னரே சென்று சேர்கின்றன!

செயலின் புறத்தோற்றம் கொண்டு தீர்ப்புச் சொல்வதற்கில்லை என்பதையும் இச்சூத்திரமே காட்டுகிறது. தக்கன் செய்த பெருவேள்வி அன்பின்மையால் தீமையாயிற்று. சேய்ஞ்ஞலூர்ப் பாலர் தந்தையின் தாளைத் துணித்தது சிவபூசையில் தம்மை மறந்த அன்பினால் நன்மையாயிற்று. ‘நான்’ என்பது அற்ற அடியாருக்கே உரியது அந்நிலை. நம் மனம்போன போக்குக்கு அது அனுமதிச் சீட்டன்று.

தீமையின் வேர்

இறைவனுக்கு எதிரான தீய தெய்வம் ஒன்றைச் சைவம் கொள்ளவில்லை. தீமையை அவன் படைத்தான் என்றும் சொல்லவில்லை. அநாதியே உயிரைப் பற்றிய ஆணவ மலமே வேர். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனின் மூன்றாம் அதிகாரத்தில் இதனை இருளோடு ஒப்பிட்டு வேறுபடுத்துகிறார். இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. நன்மை செய்யாதிருப்பது நமக்குத் தீமையாகவே தோன்றாததன் காரணம் இதுவே.

நம் கடமை

அன்பர்களே, திருப்பணி நிறைவெய்தியதோடு நம் தொண்டு முடியவில்லை. பசித்தவருக்குச் சோறும் படிக்கும் பிள்ளைக்குத் துணையும் நோயுற்றவருக்கு ஆறுதலும் தருவது சிவபுண்ணியமே. நம்மால் இயன்ற இதம் எதையும் நாளைக்கென்று தள்ளிவைக்காதீர்கள். வாரம் ஒரு மாலையேனும் குடும்பத்தோடு அமர்ந்து சித்தியாரை ஓதுங்கள், ஓதியபடி நில்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.