அடிமைகளின் வரலாறும் திரைப்படங்களும்

அடிமை முறை என்றவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது யாது? விலங்கு பூண்ட கறுப்பு மனிதர், பருத்தி வயல், சவுக்கேந்திய வெள்ளையர் ஆகிய இவைதாமே? இச்சித்திரத்தை உங்களுக்கு அளித்தது பெரும்பாலும் வரலாற்று நூலன்று, திரைப்படமே. ஆதலின் திரைப்படம் எதைக் காட்டிற்று, எதை மறைத்தது என்று கேட்பது வரலாறு பயில்வோர் கடமையாகும்.

அடிமை முறை நமக்கு அயலான செய்தி அன்று. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்ற சட்டம் இந்தியாவில் 1843இல் பிறந்தது. பதினேழே ஆண்டுகள் கழித்து, 1860இல், 'டுரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. 1911 வரை அங்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர். நம் திருத்தணி அந்நாளில் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்துத் தமிழரும் தெலுங்கரும் அக்கப்பல்களில் திரளாகச் சென்றனர். தணிகை மலைப்படிகளில் இன்று நாம் கேட்கும் இரு மொழிகளும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களிலும் ஒலித்தன.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். நம் நாட்டுப் பண்ணை அடிமையின் கதையைத் தமிழ்த் திரை முதலில் பக்திக் கதையாகவே கண்டது. 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். அதற்கென அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்டது. 1942இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த 'நந்தனா'ரில் தண்டபாணி தேசிகர் நடித்தார். சிதம்பரம் செல்ல விடை வேண்டி நிற்கும் ஆளையும் விடை தர மறுக்கும் வேதியரையும் இக்கதையிலே காண்கிறோம். அந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லாதவர். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் சேர்த்த பாத்திரம் அவர். தம் காலத்துப் பண்ணையைக் கண்ணாற் கண்டதனாலேயே பாரதியார் அவரைப் படைத்தார் என்பது என் துணிபு. ஆயினும் நந்தனுக்கு விடுதலை அளிப்பது சட்டமுமன்று, கிளர்ச்சியுமன்று, தெய்வ அற்புதமே. நாற்பது வேலி நிலமும் ஓரிரவில் விளைந்து விடுகிறது! அவ்வயலில் நாற்று நட்டுக் களையெடுத்த பெண்டிர் எங்கே? நந்தனாக நடித்தவர் ஒரு பெண்மணி. பண்ணைப் பெண்ணின் கதைக்கோ அப்படத்தில் இடமில்லை.

1965இல் பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' உங்கள் பாட்டனார் பலமுறை பார்த்த படமாயிருக்கும். மணிமாறன் என்னும் மருத்துவனும் கிளர்ச்சிக்காரரும் ஒரு தீவில் அடிமைகளாக விற்கப்படுகின்றனர். இதற்கு மூலம் 1935இல் வந்த 'கேப்டன் பிளட்' என்னும் அமெரிக்கப் படம். அப்படத்தில் ஜமைக்கா தீவிலே ஏலம் விடப்படும் நாயகன் ஒரு வெள்ளை மருத்துவன். 1685இல் இங்கிலாந்தில் நடந்த மன்மத் கிளர்ச்சிக்குப்பின் அவ்வாறு வெள்ளையரும் மேலைத்தீவுகளுக்கு அனுப்பப்பட்டது உண்மையே. எனினும் ஜமைக்காவின் கரும்பு வயல்களை ஈரமாக்கிய வியர்வை ஆப்பிரிக்கருடையது. லட்சக்கணக்கானோரைப் பின்னே தள்ளிவிட்டு ஒரு வெள்ளை மருத்துவனின் துயரை முன்னே நிறுத்திற்று ஹாலிவுட். நம் படம் கதையைக் கற்பனைத் தீவுக்கு மாற்றியதால் இனம் என்ற வினாவே அங்கு எழவில்லை. இரண்டிலும் நாயகி அடிமையை வாங்கும் தரப்பைச் சேர்ந்தவள். அவள் அடிமையிடம் காதல் கொள்கிறாள். பார்க்க இனிய படந்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிமைப்பட்ட பெண்ணுக்கு நேர்ந்ததை அதனால் அறிய இயலாது.

2013ஆம் ஆண்டில் ஒரு வியத்தகு ஒற்றுமை காண்கிறோம். அமெரிக்கருக்கு 'பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அடிமை' என்னும் படமும், நமக்குப் பாலா இயக்கிய 'பரதேசி'யும் அவ்வாண்டிலேயே கிடைத்தன. பரதேசிக்குத் தூண்டுகோல், ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல்; அது 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழாக்கம் பெற்றது. நாவலில் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் சேர்ந்தே மலையேறுகின்றனர். படத்தில் ராசா மட்டும் போகிறான்; அங்கம்மை ஊரில் தங்கி விடுகிறாள். மலையிலே துரைமாரின் கொடுமையைத் தாங்குவோர் வேறு பெண்கள். கொழுந்து பறிப்பது பெரிதும் பெண்களின் கைத்தொழில் ஆதலால், நாயகியைத் தோட்டத்துக்கு வெளியே நிறுத்தியது குறை என்றே எனக்குப் படுகிறது. நாவலில் தொழிலாளருக்குத் துணை நிற்கும் மருத்துவர் படத்தில் மதம் பரப்புவோராக மாறியதும் அவ்வாறே.

ஆனால் ஒன்றைப் பரதேசி தெளிவாகக் காட்டிற்று. ஊருக்கு வந்து இனிக்கப் பேசி, முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தவன் வெள்ளையன் அல்லன். நம் நிறமும் நம் மொழியும் உடைய கங்காணி. அமெரிக்கப் படங்களில் தோலின் நிறத்தைக் கொண்டே ஆண்டானையும் அடிமையையும் பிரித்தறியலாம். நம் நாட்டில் அப்பிரிவினையைச் செய்தது சாதி. அது காமிராவின் கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை. யாரேனும் வாய் திறந்து சொல்லவேண்டும். நம் திரை நெடுங்காலம் அதைச் சொல்லக் கூசிற்று.

அமெரிக்கப் படமோ பாட்சி என்ற பெண்ணைப் புறக்கணிக்கவில்லை. எல்லா ஆடவரினும் மிகுதியாகப் பருத்தி எடுப்பவள் அவள். எசமானனின் காமத்துக்கும் எசமானியின் பொறாமைக்கும் ஒருங்கே இரையாகிறவளும் அவளே. அப்பாத்திரத்தில் நடித்த லுப்பிட்டா நியாங்கோ ஆஸ்கார் பரிசு பெற்றார். 1940இல் அப்பரிசை முதன்முதல் வென்ற கறுப்பினத்தவரான ஹாட்டி மக்டேனியல், அடிமைத் தாதியாக நடித்தமைக்காக அதைப் பெற்றவர். பரிசளிப்பு விருந்திலே அவருக்குத் தனி மேசை போடப்பட்டிருந்தது! நாயகன் சாலமன் விடுதலை பெற்று வண்டியேறுகிறான். பாட்சி அங்கேயே நிற்கிறாள். பரதேசியின் முடிவோ நேர்மாறு. அங்கம்மை குழந்தையோடு தோட்டத்துக்கு வந்து சேர்கிறாள். வெளியே போகும் வழியறியாத ராசா அவளைக் கண்டு கதறுகிறான்.

பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்டிருக்காகத் திரைப்படம் பேசத் தொடங்குமுன்னரே பாரதியார் பாடிவிட்டார். அத்தீவில் குந்தி என்ற பெண், மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்து உயிர் பிழைத்தாள். அச்செய்தி இந்திய இதழில் வெளிவந்து, ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சிக்கு வலுவூட்டிற்று. 1917இல் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது.

நேட்டாலுக்குச் சென்றோரின் கப்பல் பதிவேடுகள் இன்றும் உள்ளன. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிரேனும் ஏற்றப்பட வேண்டும் என்பது அக்காலத்து விதி. வடஆர்க்காடு என்று குறித்த வரிகளிலே அப்பெண்களும் இருக்கிறார்கள்.